மே மாதத்தில் ஹம்பி: நிழலைப் பார்த்துத் திட்டம் போடுங்கள்

கர்நாடகத்தில் இருக்கும் ஹம்பிக்குப் போக நல்ல காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் பள்ளிக்கூடம் மே மாதத்தில்தான் விடுமுறை விடுகிறது. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வேறு வழியில்லை. பாறை கொதிக்கிற மாதத்தில்தான் போய் இறங்க வேண்டியிருக்கிறது. நான் மூன்று முறை போயிருக்கிறேன், அதில் இரண்டு முறை மே மாதம். முதல் முறை செய்யக்கூடாதது எல்லாவற்றையும் செய்தோம்.

காலையில் ரயிலை விட்டு இறங்கி, குளித்து, நிதானமாக இட்லி சாப்பிட்டுவிட்டுப் பத்தரை மணிக்குக் கிளம்பினோம். கையில் வரைபடம் இருந்தது. அதில் இருந்த வரிசைப்படியே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனோம். விருபாட்சர் கோயிலுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே காலெடுத்து வைத்த அம்மா, "எங்கேடா காலை வைப்பது?" என்று அலறினார். கோபுர நிழல் முடிகிற இடத்திலிருந்து மண்டபம் வரை வெறும் கல் தளம். அறுபத்தைந்து வயதுப் பெண்மணி முந்தானையைக் கீழே போட்டு, அதன்மேல் இரண்டு அடி வைத்து, மறுபடி எடுத்துப் போட்டு, அப்படியே அந்த வெளியைக் கடந்தார். மண்டபத்துக்குள் நுழைந்தபோது நடை சாத்திக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்ன சொல் 'நெரளு'. கன்னடத்தில் நிழல். இங்கே ஊர் சுற்றுகிறவன் கோயிலைத் தேடிப் போகக்கூடாது, நெரளைத் தேடிப் போனால் கோயில் தானாக வரும் என்றார். இந்தக் கட்டுரையில் உள்ளதெல்லாம் அந்தப் பேச்சின் விரிவுதான். வரைபடத்தின் வரிசையை மறந்துவிட்டு, எந்த நேரத்தில் எந்த இடத்தில் நிழல் விழுகிறது என்பதை வைத்து நாளை வகுத்துக்கொண்டால், மே மாத ஹம்பியும் பார்க்கக்கூடிய ஊர்தான்.

முதலில் காலைகளை எண்ணுங்கள்

ஹம்பிக்கு எத்தனை நாள் வேண்டும் என்று கேட்பதை விட எத்தனை காலை வேண்டும் என்று கேட்பது சரி. வெயில் காலத்தில் ஒரு நாளில் உருப்படியாக நடக்க முடிகிற நேரம் விடியற்காலை ஐந்தே முக்காலிலிருந்து பத்து மணி வரை, பிறகு மாலை நாலரையிலிருந்து இருட்டும் வரை. ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 38, 40 டிகிரி என்று போகும். ஊரைச் சுற்றிலும் இருப்பதோ கருங்கல் பாறை. பகலெல்லாம் குடித்த சூட்டை அது சூரியன் மறைந்த பிறகும் உமிழ்ந்துகொண்டிருக்கும். மாலை ஐந்து மணிக்குப் பாறையில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும். விடியற்காலையில்தான் அது ஆறியிருக்கும். எனவே மாலையை விடக் காலைக்கு மதிப்பு அதிகம்.

மூன்று காலைகள் கிடைக்கும்படி பயணத்தை அமையுங்கள். இரண்டு போதுமென்றால் சமாளிக்கலாம். ஒரே காலை என்றால், உங்கள் விருப்பம், நான் தடுக்கவில்லை. ஆனால் பெரியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போகாதீர்கள்.

போய்ச் சேருதல், தங்குதல்

ஹம்பிக்கு ரயில் நிலையம் கிடையாது. 13 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஹொசபேட்டையில் இறங்க வேண்டும். பழைய வழக்கில் அது ஹோஸ்பேட். தமிழ்நாட்டிலிருந்து பெங்களூரு வந்து, அங்கிருந்து இரவு ரயிலான ஹம்பி எக்ஸ்பிரஸ் பிடிப்பது சுலபமான வழி. விடிந்த பிறகு கொண்டுபோய்ச் சேர்க்கும். சென்னையிலிருந்து மும்பைப் பக்கம் போகும் ரயிலில் குண்டக்கல் வரை வந்து மாறுகிறவர்களும் உண்டு. காரில் போனால் பெங்களூருவிலிருந்து சுமார் 340 கிலோமீட்டர். எப்படிப் போனாலும் இறங்கிய நாளின் காலை பாதி போய்விடும். அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அன்று குளித்துச் சாப்பிட்டுத் தூங்குங்கள். மாலையில் மட்டும் வெளியே வாருங்கள்.

தங்க மூன்று இடங்கள். ஹம்பி ஊருக்குள்ளேயே வீடுகளை ஒட்டிய சிறு விடுதிகள் இருக்கின்றன. எழுந்தவுடன் கோயில் வாசலில் நிற்கலாம் என்பது பெரிய வசதி. ஹொசபேட்டையில் எல்லா விலையிலும் ஏசி அறைகள் உண்டு, ஆனால் தினமும் அரை மணி நேரப் பயணம். இரண்டுக்கும் நடுவில் கமலாபுரம். அரசுச் சுற்றுலாக் கழகத்தின் விடுதி அங்கே இருக்கிறது, அருங்காட்சியகமும் அங்கேதான். வெயில் காலத்தில் என் ஓட்டு கமலாபுரத்துக்கு. நண்பகலில் பத்து நிமிடத்தில் அறைக்குத் திரும்பிவிடலாம் என்பதுதான் காரணம். அறை எடுக்கும்போது மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள தளம் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒருமுறை அப்படி ஓர் அறையில் மாட்டிக்கொண்டு, இரவு பதினோரு மணிக்கும் கூரை தணலாக இருந்ததால் பாயை நனைத்துப் படுத்தோம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட முக்கியமான சில பொருள்கள் உண்டு.

பருத்திக் காலுறை, ஆளுக்கு இரண்டு ஜோடி. ஹம்பியில் வழிபாடு நடக்கும் கோயில்களில் செருப்பைக் கழற்ற வேண்டும். வழிபாடு இல்லாத சிதைவுகளில் செருப்போடு நடக்கலாம். கழற்ற வேண்டிய இடத்தில் காலுறை அணிந்துகொண்டு போனால் அம்மாவுக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராது. நைலான் வேண்டாம், சூட்டில் காலோடு ஒட்டும்.

குடை. அதுவும் நம் ஊர்த் துணிக் குடை. தொப்பி தலையை மட்டும்தான் மறைக்கும். குடை தோளையும் கழுத்தையும் சேர்த்து மறைக்கும், உள்ளே காற்றும் ஓடும். படம் எடுக்கத் தொந்தரவு என்று இளையவர்கள் முகம் சுளிப்பார்கள். பதினொரு மணிக்கு அவர்களே வந்து கேட்பார்கள்.

ஒரு மெல்லிய துண்டு. நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள.

தண்ணீர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெயிலில் நடக்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆளுக்கு அரை முதல் முக்கால் லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாகம் எடுத்த பிறகு மடமடவென்று ஒரு பாட்டிலைக் காலி செய்வதை விட, கால் மணிக்கு ஒருமுறை நான்கு வாய் குடிப்பது உடம்பில் நிற்கும். வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் அந்த உப்பு திரும்பாது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் நான்கைந்து வாங்கிப் பையில் போடுங்கள். உறையில் எத்தனை மில்லி என்று போட்டிருக்கிறதோ அத்தனை தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதித் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்தால் கெடுதல். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலை தட்டி. மற்றபடி வழியெல்லாம் இளநீர் விற்கிறார்கள், 'எளநீரு' என்று கேளுங்கள். மோருக்கு 'மஜ்ஜிகெ'. இரண்டும் அருமையானவை. குளிர்பானத்தையும் காபியையும் தண்ணீர்க் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள், குறிப்பாக சிறுநீர் அதிகம் போகச் செய்யும் மாத்திரை உள்ளவர்கள், கிளம்புவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உப்பும் தண்ணீரும் எவ்வளவு என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

ஊரை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்

விஜயநகரத்தின் தலைநகரம் இது. 1336இல் தொடங்கி, 1565 தலைக்கோட்டைப் போரில் தோற்ற பிறகு சூறையாடப்பட்டுக் கைவிடப்பட்டது. 1986இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தனித்தனியாக ஒரு கோட்டை, ஒரு கோயில் என்று நினைத்துப் போனால் திகைத்துப் போவீர்கள். ஒரு பெருநகரமே வாழைத் தோட்டங்களுக்கும் பாறைகளுக்கும் நடுவில் சிதறிக் கிடக்கிறது. 1520 வாக்கில் இங்கே வந்த போர்த்துக்கீசியர் தொமிங்கோ பயஸ், பார்வைக்கு ரோமாபுரி அளவு பெரியதாக இருக்கிறது என்று எழுதி வைத்தார்.

பார்ப்பதற்கு வசதியாக அதை நான்கு கொத்துகளாகப் பிரித்துக்கொள்ளலாம். துங்கபத்திரைக் கரையில் விருபாட்சர் கோயிலும் ஹேமகூடக் குன்றும் ஒன்று. அதே கரையில் கிழக்கே இரண்டு கிலோமீட்டர் தள்ளி விட்டலர் கோயில் இன்னொன்று. தெற்கே கமலாபுரம் பக்கம் அரண்மனை வட்டாரம் மூன்றாவது. ஆற்றுக்கு அக்கரையில் ஆனெகுந்தியும் அஞ்சனாத்திரி மலையும் நான்காவது.

விட்டலர் கோயில், தாமரை மகால் இருக்கும் அந்தப்புர வளாகம், கமலாபுரம் அருங்காட்சியகம் ஆகிய மூன்றுக்கும் தொல்லியல் துறை ஒரே டிக்கெட் தருகிறது. நான் போனபோது இந்தியர்களுக்கு 40 ரூபாய், 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். அந்த டிக்கெட் அன்றைக்கு மட்டும் செல்லும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: முதல் நாள் விட்டலர், மறுநாள் தாமரை மகால் என்று பிரித்தால் இரண்டு முறை வாங்க வேண்டும். இன்னொரு சிக்கல், டிக்கெட் உள்ள இடங்கள் காலை எட்டரை மணி அளவில்தான் திறக்கின்றன. குளிர்ச்சியான நேரத்தில் கதவு மூடியிருக்கும். ஆகவே விடியற்காலையை டிக்கெட் இல்லாத இடங்களுக்குக் கொடுத்துவிட்டு, திறக்கும் நேரத்துக்கு டிக்கெட் வாசலில் போய் நிற்க வேண்டும். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. டிக்கெட் வாங்கும் நாள் வெள்ளியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டிக்கு ஆட்டோதான். சைக்கிளும் மொபெட்டும் வாடகைக்குக் கிடைக்கின்றன, குளிர்காலத்தில் அவை இன்பம். மே மாதத்தில் ஆட்டோ என்பது சக்கரம் வைத்த நிழல். தண்ணீர்க் கேனை அதில் வைத்துவிட்டுப் போகலாம். முதலிலேயே எந்தெந்த இடம், எத்தனை மணி வரை, எங்கே காத்திருப்பார் என்று பேசி, மொத்தத் தொகையை முடித்துக்கொள்ளுங்கள். "பத்து மணிக்கு அறைக்குத் திரும்பி, நாலரைக்கு மறுபடி வர வேண்டும்" என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அவர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் காட்டிவிட்டு வீட்டுக்குப் போகப் பார்ப்பார். அவர் மேல் குற்றமில்லை, அவருக்கும் வெயில்தானே.

முதல் காலை: ஹேமகூடம், விருபாட்சர், கிருஷ்ணர்

ஐந்தே முக்காலுக்கு ஹேமகூடத்தில் இருங்கள். பெயர்தான் குன்று, சரிந்த பாறைத்தளம் என்று சொல்லலாம். குழந்தைகளும் பெரியவர்களும் மெதுவாக ஏறிவிடலாம். விஜயநகரத்துக்கு முந்திய சிறு கோயில்கள் அதன்மேல் சிதறி நிற்கின்றன. மேலிருந்து விருபாட்சர் கோபுரம் ஐம்பது மீட்டர் உயரத்துக்குத் தனியாக எழுந்து நிற்பதைப் பார்க்கலாம்.

வெயில் ஏறுமுன் இறங்கிக் கோயிலுக்குள் போங்கள். ஏழு மணிக்குக் கல் குளிர்ந்தே இருக்கும், காலுறை கூடத் தேவைப்படாது. இது வழிபாடு நிற்காமல் நடந்துவரும் கோயில். ரங்க மண்டபத்து விதான ஓவியங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, கருவறைக்குப் பின்பக்கம் உள்ள ஓர் இருட்டு மண்டபத்துக்கு வழி கேளுங்கள். சுவரில் ஒரு சிறு துளை. அதன் வழியே வரும் ஒளி எதிர்ச் சுவரில் கோபுரத்தைத் தலைகீழாக வரைகிறது. ஊசித்துளைக் கேமராவின் அதே கணக்கு. பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் மெழுகுவர்த்திச் சுடராகப் பார்த்தது இங்கே ஒன்பது நிலைக் கோபுரமாகச் சுவரில் கவிழ்ந்து நிற்கும். என் அண்ணன் மகன் அந்தத் துளையைக் கையால் மூடியும் திறந்தும் கோபுரத்தை நாலு முறை அழித்துவிட்டான். வெயில் சுளீரென்று அடித்தால்தான் உருவம் தெளிவாக விழும். மே மாதத்துக்கு இது ஒன்றில் லாபம்.

அங்கிருந்து தெற்கே சாலை வழியாக வந்தால் இரண்டு பிள்ளையார்கள். ஒருவர் சாசிவேகாளு, அதாவது கடுகுப் பிள்ளையார், எட்டடி உயரம். மற்றவர் கடலேகாளு, கடலைப் பிள்ளையார், பதினைந்தடி. கடுகும் கடலையும் இந்த அளவென்றால் பூசணிக்காய் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு பெரியவர் கேட்டுக்கொண்டே போனார். கடலைப் பிள்ளையார் முன்னுள்ள மண்டபத்தின் உயரமான மெல்லிய தூண்களுக்கிடையே நல்ல காற்று வரும். பத்து நிமிடம் உட்கார இதை விடச் சிறந்த இடம் அந்தப் பக்கத்தில் இல்லை.

அடுத்தது கிருஷ்ணர் கோயில். உதயகிரிக் கோட்டையை வென்றதன் நினைவாகக் கிருஷ்ணதேவராயர் கட்டியது. கருவறை காலியாக இருக்கும், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். சற்றுத் தள்ளி ஒரே பாறையில் செதுக்கிய நரசிம்மர், 6.7 மீட்டர், 1528ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ளது. உக்கிர நரசிம்மர் என்று ஊரே சொல்கிறது. உண்மையில் மடியில் லட்சுமியோடு இருந்த சிலை, லட்சுமி உடைபட்டுப் போய்விட்டாள். பக்கத்திலேயே தண்ணீருக்குள் நிற்கும் பெரிய லிங்கம். இந்த இரண்டு இடத்திலும் நிழல் கிடையாது. ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள்.

அரண்மனை வட்டாரத்துக்குத் திரும்பும் வழியில் தரைமட்டத்துக்குக் கீழே ஒரு சிவன் கோயில் உண்டு. அதை ஒன்பதரை மணிக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். படியிறங்கி உள்ளே போனால் சட்டென்று குளிர்ச்சி, வௌவால் வாடை, சில சமயம் காலடியில் தண்ணீர். எனக்கு அந்த வாடை பிடிக்கும் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

பத்து மணி. அறைக்குத் திரும்புங்கள். வெளியே பார்க்க இன்னும் ஆயிரம் இருக்கிறது என்று மனம் அடித்துக்கொள்ளும். திரும்புங்கள்.

அன்று மாலை: அரசர்கள் இருந்த பக்கம்

நாலரைக்கு அரசியின் குளியல் மாளிகையில் தொடங்கலாம். வெளியே வெறும் சுவர். உள்ளே நடுக்குளத்தைச் சுற்றி வளைவுகளோடு கூடிய தாழ்வாரம், முழு நிழல். பிறகு ஹசார ராமர் கோயில். சின்னக் கோயில்தான், சுவர் முழுவதும் இராமாயணம் வரிசை வரிசையாக ஓடுகிறது. மாலையில் வெயில் சாய்வாக விழும்போது புடைப்புச் சிற்பங்களின் ஓரங்கள் எழுந்து நிற்கும். நண்பகலில் இவை தட்டையாகத் தெரியும். உள் மண்டபத்தில் மெருகேற்றிய நான்கு கருங்கல் தூண்கள், தொட்டால் ஜில்லென்றிருக்கும். ஹம்பியில் நான் நிதானமாக நின்று பார்ப்பது இந்தக் கோயிலைத்தான். விட்டலர் கோயிலை விட இது ஒரு படி மேல் என்பது என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

மகாநவமி மேடைக்கு நிழலே இல்லை, ஆகவே கடைசியில் ஏறுங்கள். அதன் அருகே படிக்கட்டுக் குளம் ஒன்று. 1980களில் தோண்டி எடுத்தது. கறுப்புக் கல்லில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூர்மையாக இறங்கும் படிகள். உற்றுப் பார்த்தால் கற்களில் சிறு சிறு குறிகள் தெரியும். எந்தத் திசை, எந்த வரிசை, எத்தனையாவது கல் என்று கொத்தர்கள் இட்டுவைத்த அடையாளம். வேறெங்கோ செதுக்கி, எண்ணிட்டு, இங்கே கொண்டுவந்து கோத்திருக்கிறார்கள்.

இரண்டாம் காலை: ஆற்றோரம் நடந்து விட்டலர் கோயில்

இதுதான் ஹம்பியின் சிறந்த காலை. விருபாட்சர் கோயில் முன்னுள்ள பழைய கடைவீதியின் கிழக்குக் கோடியிலிருந்து ஆற்றை ஒட்டி ஒரு பாதை போகிறது. ஆறு மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். வலப்பக்கம் சற்றே விலகினால் மாதங்க மலையடியில் அச்சுதராயர் கோயில், கூட்டமே இருக்காது. மீண்டும் ஆற்றுப் பாதைக்கு வந்தால் புரந்தரதாசர் மண்டபம், கர்நாடக இசை பயில்கிறவர்கள் ஒரு நிமிடம் நிற்பார்கள். அந்தப் பக்கத்திலேயே அரசர் எடைக்கு எடை பொன் கொடுத்ததாகச் சொல்லப்படும் துலாபாரக் கல் வளைவு. இப்படிப் பார்த்துக்கொண்டே போனால் எட்டரைக்கு விட்டலர் கோயில் திறக்கும்போது முதல் ஆளாக வாசலில் இருப்பீர்கள்.

ஆட்டோக்காரரை முன்பே எதிர்ப்பக்கம், வண்டி நிறுத்துமிடத்துக்கு வரச் சொல்லிவிடுங்கள். கோயிலிலிருந்து அங்கே ஒரு கிலோமீட்டருக்குப் பேட்டரி வண்டி ஓடுகிறது. வந்த வழியே நடந்து திரும்புவது என்பது பத்து மணி வெயிலில் செய்யும் தற்கொலை முயற்சி. முதல் பயணத்தில் நாங்கள் அதைத்தான் செய்தோம்.

உள்ளே கல் தேர். 50 ரூபாய் நோட்டில் இருப்பது அதுவேதான். பையிலிருந்து நோட்டை எடுத்துப் பிடித்துப் படம் எடுக்காதவர்கள் குறைவு. உண்மையில் அது கருடனுக்கான சன்னதி. இசைத் தூண்களைத் தட்டிப் பார்க்க அனுமதியில்லை, நியாயம்தான். ஐந்நூறு ஆண்டாகத் தட்டினால் எந்தக் கல்தான் தாங்கும்? ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தையும் வேலூர்க் கோட்டைக் கல்யாண மண்டபத்தையும் பார்த்தவர்களுக்கு இந்த யாளிகளும் குதிரைகளும் சொந்தக்காரர்களைப் பார்ப்பது போல இருக்கும்.

டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நண்பகலில் அதே டிக்கெட்டோடு கமலாபுரம் அருங்காட்சியகம். அங்கே முற்றத்தில் ஹம்பி முழுவதையும் பாறை, ஆறு, கோயில் என்று சிறிதாக்கிச் செய்துவைத்திருக்கிறார்கள். இரண்டு நாள் சுற்றிய பிறகு பார்த்தால்தான் அது விளங்கும். மாலை நாலு மணிக்கு மேல் தாமரை மகாலும் அதன் பின்னே பதினொரு அறைகள் கொண்ட யானைக் கொட்டாரமும். ஐந்தரைக்குள் வெளியே அனுப்பிவிடுவார்கள், அதனால் இதை மட்டும் தள்ளிப் போட முடியாது.

மூன்றாம் காலை

தெம்பு இருந்தால் அஞ்சனாத்திரி. 575 படிகள், அனுமன் பிறந்த மலை என்பது நம்பிக்கை. சூரியன் வருமுன் ஏறத் தொடங்கினால் மட்டும் போங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே ஆனெகுந்தி ஊரைச் சுற்றிவரலாம், அதுவும் நன்றாகவே இருக்கும். மாதங்க மலை ஏற விரும்புகிறவர்கள் தனியாகவும் இருட்டிலும் போகக்கூடாது.

வெயில் மீறிவிட்டால்

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, கிறுகிறுப்பு, அதிக வியர்வை: இது உடம்பு விடும் முதல் எச்சரிக்கை. நிழலில் படுக்க வையுங்கள், காலைச் சற்று உயர்த்துங்கள், ஓ.ஆர்.எஸ். சிறுகச் சிறுகக் கொடுங்கள், துணியை நனைத்துத் துடையுங்கள். அரை மணியில் தேறிவிட்டாலும் அன்றைய சுற்றல் முடிந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

பேச்சு குழறினாலோ, இருக்கும் இடம் தெரியாமல் உளறினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ, மயங்கினாலோ அது வெப்பத்தாக்கு, உயிருக்கு ஆபத்து. உடனே 108. ஆம்புலன்ஸ் வரும் வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் குளிர்ந்த துணி. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. நம் ஆட்கள் அன்பு மிகுதியில் செய்யும் தவறு இது.

சாதாரண நாளில் பார்க்க எளிய அளவுகோல் ஒன்று உண்டு. சிறுநீர் மஞ்சள் அடர்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை. குழந்தைகள் மூன்று நான்கு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை என்றால் கேட்டுப் பாருங்கள். வழியில் கழிப்பறை இருக்காதே என்று தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொள்கிற பெண்கள்தான் முதலில் சாய்கிறார்கள். டிக்கெட் வாசல்களிலும் அருங்காட்சியகத்திலும் கழிப்பறை உண்டு. அதை வைத்துத் திட்டமிட்டுக்கொண்டு, குடியுங்கள்.

சில்லறை விஷயங்கள்

குரங்குகள் பாலிதீன் பையின் சலசலப்பைக் கேட்டே வந்துவிடும். பழத்தைத் துணிப்பைக்குள் வையுங்கள். ஆற்றில் தண்ணீர் குறைவாகத்தானே இருக்கிறது என்று இறங்காதீர்கள். பாறை இடுக்குகளில் சுழல் இருக்கும். பரிசலில் போகலாம், உயிர்காப்பு அங்கி கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு. ஹம்பி ஊருக்குள் அசைவமும் மதுவும் கிடையாது. ஹொசபேட்டையில் மாலை நேரத்து மிளகாய் பஜ்ஜியும் தாளித்த பொரியும் தவறவிடக்கூடாதவை, ஆனால் மறுநாள் விடியற்காலை நடை இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கை வையுங்கள்.

கிருஷ்ணர் கோயிலின் காலிக் கருவறையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? உதயகிரியிலிருந்து கொண்டுவந்து அங்கே வைத்த பாலகிருஷ்ணர் சிலை இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊர் திரும்பிய பிறகு, நிழலில் நின்று நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை.